தலைமையாசிரியர் மலைக்குப் போகலாமா?

கேள்வி: நான் தஞ்சாவூர் மாவட்டத்தில் கணக்கு ஆசிரியையாகப் பணியில் சேர்ந்து, அரசு உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியராக உயர்ந்து, சென்ற ஆண்டு 60 வயதில் ஓய்வு பெற்றேன். பணிக்காலம் முழுவதும் பள்ளியும் வீடும் என்றே கழிந்தது. திருப்பதியையும், மாணவர்களை அழைத்துப் போன மைசூர்ச் சுற்றுலாவையும் தவிர வெளியுலகம் பார்த்ததில்லை. ஓய்வு பெற்ற முதல் சில மாதங்கள் நிம்மதியாக இருந்தன. இப்போது காலை ஒன்பது மணி ஆனால் கைகால் ஓடவில்லை. அண்மையில் ஒரு பயண நிறுவனத்தின் விளம்பரம் கண்ணில் பட்டது. கம்போடியாவில் ஓர் அநாதை இல்லத்தில் இரண்டு வாரம் தங்கிப் பிள்ளைகளுக்கு ஆங்கிலமும் கணக்கும் சொல்லிக்கொடுக்கலாம், விடுமுறை நாள்களில் அங்கோர் வாட் கோயிலைப் பார்க்கலாம் என்கிறார்கள். எல்லாம் சேர்த்து இரண்டரை லட்சம் ரூபாய். நான் இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். கூட்டுறவுச் சங்கச் செயலாளராக இருந்து ஓய்வு பெற்ற என் கணவர் சர்க்கரை நோய் உள்ளவர். "இத்தனை வருஷம் சொல்லிக்கொடுத்தது போதாதா?" என்கிறார். சென்னையில் இருக்கும் மகன், பேத்தியைப் பார்த்துக்கொள்ள இருவரும் நிரந்தரமாக வந்துவிடுங்கள் என்கிறான். நான் விரும்புவது தன்னலமா? போகலாமா, கூடாதா?

பதில்:

அன்புள்ள அம்மா, வணக்கம்.

போகலாம். ஆனால் கம்போடியாவுக்கு வேண்டாம். இரண்டு வாரத்துக்கும் வேண்டாம். உங்கள் கடிதத்தில் இரண்டு ஆசைகள் ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கின்றன. ஒன்று, இதுவரை பார்க்காத உலகத்தைப் பார்க்க வேண்டும் என்பது. மற்றொன்று, உங்களால் யாருக்காவது பயன் இருக்க வேண்டும் என்பது. இரண்டும் நியாயமானவை. இரண்டையும் ஒரே கட்டணத்தில் தருகிறேன் என்று ஒரு நிறுவனம் சொல்லும்போதுதான் நாம் சற்று நின்று யோசிக்க வேண்டியிருக்கிறது.

முதலில் உங்கள் மனநிலையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். முதியோர் நல ஆலோசனைக்கு வருகிறவர்களில், குறிப்பாக ஆசிரியர்கள், செவிலியர்கள், காவல் துறையினர் ஆகியோரிடம், இந்த ஒன்பது மணித் தவிப்பை நான் அடிக்கடி கேட்கிறேன். ஓய்வுக்குப் பின் வரும் மனநிலைகளைப் பற்றி 1970களில் எழுதிய சமூகவியலாளர் ராபர்ட் ஆட்ச்லி, தேனிலவு போன்ற ஒரு தொடக்கக் காலமும், அதைத் தொடர்ந்து ஏமாற்றமும், பிறகு வாழ்க்கையைத் திரும்ப ஒழுங்கு செய்துகொள்ளும் காலமும் வரும் என்று வகுத்தார். எல்லோருக்கும் இந்த வரிசையிலேயே வருவதில்லை என்றாலும், உங்கள் கடிதம் அந்த இரண்டாவது கட்டத்தின் நடுவிலிருந்து எழுதப்பட்டது என்று தயக்கமின்றிச் சொல்வேன். அது நோயும் அன்று, நன்றிகெட்ட மனமும் அன்று. தூக்கம் கெடுவது, பசி குறைவது, பிடித்த எதிலும் நாட்டம் இல்லாமல் வாரக்கணக்கில் கிடப்பது போன்றவை இருந்தால் மட்டும் பயணத்தைத் தள்ளிவைத்துவிட்டு மருத்துவரை முதலில் பாருங்கள்.

நீங்கள் இழந்தது வேலையை என்று உங்களுக்குத் தோன்றலாம். வேலை இல்லாததற்கு வீட்டிலேயே ஆயிரம் மாற்று உண்டு. நீங்கள் உண்மையில் இழந்தது, நீங்கள் வரவில்லை என்றால் "டீச்சர் ஏன் வரவில்லை?" என்று கேட்க ஆள் இருந்த ஓரிடத்தை. அப்படி ஓரிடம் மறுபடியும் அமைய வேண்டுமானால் அங்கே நீங்கள் திரும்பத் திரும்பப் போக வேண்டும். நீங்கள் செய்வது அவர்கள் கேட்டதாக இருக்க வேண்டும். இந்த இரண்டையும் அளவுகோலாக வைத்துத்தான் எந்தத் தன்னார்வப் பயணத்தையும் எடைபோடச் சொல்வேன்.

அந்த அளவுகோலில் கம்போடிய ஏற்பாடு தேறவில்லை. அதைவிட முக்கியமாக, அது அந்தப் பிள்ளைகளுக்குக் கேடு செய்யக்கூடியது. கம்போடியாவில் 2005-க்கும் 2010-க்கும் இடையில் அநாதை இல்லங்களின் எண்ணிக்கை 75 விழுக்காடு கூடியதாக யூனிசெஃப் எடுத்துக்காட்டியது. அந்த ஆண்டுகளில் அங்கே போர் இல்லை, பெருங்கொள்ளை நோய் இல்லை. கூடியது சுற்றுலா. இல்லங்களில் இருந்த பிள்ளைகளில் ஏறத்தாழ நான்கில் மூவருக்குத் தாயோ தகப்பனோ, இருவருமோ உயிரோடு இருந்தார்கள். வெளிநாட்டு விருந்தினர்கள் பணம் கொடுத்துப் பார்க்க வருகிறார்கள் என்பதால், ஏழைப் பெற்றோரிடம் படிப்பைக் காட்டிப் பிள்ளைகளை வாங்கிவந்து இல்லங்களை நிரப்பும் வழக்கம் வளர்ந்தது. இதன் தீவிரத்தை உணர்ந்து ஆஸ்திரேலியா 2018-இல் நவீன அடிமைமுறைக்கு எதிரான சட்டத்தை இயற்றியபோது இந்த வகைக் கடத்தலையும் கணக்கில் எடுத்துக்கொண்டது; 2019 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபையின் குழந்தை உரிமைத் தீர்மானமும் அநாதை இல்லத் தன்னார்வச் சுற்றுலாவின் கேட்டைக் குறிப்பிட்டது. நல்ல இல்லங்களே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் யாரென்றே தெரியாத ஒருவர் பணம் கட்டினார் என்பதற்காகப் பிள்ளைகளோடு இரண்டு வாரம் பழகவிடும் இல்லம் நல்ல இல்லமாக இருக்க வாய்ப்பில்லை.

இதில் உங்கள் தொழில் அறிவுக்கு எட்டும் இன்னொன்றும் இருக்கிறது. ஆண்டின் நடுவில் ஒரு வகுப்பாசிரியர் மாறினாலே பிள்ளைகள் எப்படிக் கலங்குகிறார்கள் என்று உங்களுக்குத் தெரியும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை புதிதாக ஓர் "அத்தை" வந்து, கட்டியணைத்து, படம் எடுத்துக்கொண்டு, கண்ணீரோடு விடைபெற்றுப் போவதைக் குழந்தை ஆண்டு முழுவதும் அனுபவிக்கிறது. வருகிறவர்கள் அனைவரும் அன்பானவர்கள்தாம், அதுதான் சிக்கலே. கெமர் மொழியில் ஒரு சொல்லும் தெரியாமல் அந்த இரண்டு வாரத்தில் நீங்கள் கணக்கு நடத்திவிட முடியாது என்பதையும் உங்களிடம் நான் விளக்க வேண்டியதில்லை. போதாததற்கு, பல நாடுகளில் சுற்றுலா விசாவில் போய் ஊதியமில்லாத வேலை செய்வதுகூட விதிமீறல். நிறுவனங்கள் இதைப் பெரும்பாலும் சிறிய எழுத்தில்கூடச் சொல்வதில்லை.

அங்கோர் வாட் பார்க்க வேண்டும் என்ற ஆசையை இதற்காக விட்டுவிடாதீர்கள். 12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் சூரியவர்மன் திருமாலுக்கு எடுப்பித்த கோயில் அது. பெரிய கோயிலைப் பார்த்து வளர்ந்த உங்கள் கண்ணுக்கு அங்கே பார்க்க நிறைய இருக்கும். கணவரையும் அழைத்துக்கொண்டு சுற்றுலாப் பயணியாகவே போங்கள். அங்குள்ளவர்கள் நடத்தும் விடுதியில் தங்குங்கள், அவர்கள் சமைத்ததைச் சாப்பிடுங்கள், வழிகாட்டிக்கு நியாயமான கூலி கொடுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. முப்பது ஆண்டுக்கு மேல் உழைத்தவர் தம் பணத்தில் ஊர் பார்ப்பதற்குச் சேவை என்ற சாக்குத் தேவையில்லை.

இனி பயன்படும் ஆசைக்கு வருகிறேன். அறுபதைக் கடந்து கடல் தாண்டிப் போய்த் தொண்டு செய்தவர்களில் எனக்குப் பிடித்தவர் லிலியன் கார்ட்டர். பின்னாளில் அமெரிக்கக் குடியரசுத் தலைவரான ஜிம்மி கார்ட்டரின் தாய். 1966-இல், 68 வயதில், அமைதிப் படை என்ற அமெரிக்க அரசுத் திட்டத்தில் சேர்ந்து மும்பைக்கு வந்தார். விக்ரோலியில் கோத்ரெஜ் தொழிலாளர் குடியிருப்பில் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் இருந்தார். அவரது கதையை வயது ஒரு தடையில்லை என்பதற்கு எடுத்துக்காட்டாக எல்லோரும் சொல்வார்கள். நான் சொல்வது வேறொன்றுக்காக. வந்தபோது அவருக்குத் தரப்பட்ட வேலை குடும்பக் கட்டுப்பாட்டுப் பிரசாரம். அது அவருக்கு ஒட்டவில்லை. அவர் பயிற்சி பெற்ற செவிலியர். அங்கிருந்த மருத்துவமனைப் பணிக்கு மாறிய பிறகுதான் அவருக்கும் அந்த ஊருக்கும் ஓர் உறவு உண்டானது. ஊருக்குத் திரும்பும் ஏக்கம் அவரை வாட்டியது என்பதையும் அவர் வீட்டுக்கு எழுதிய கடிதங்கள் மறைக்கவில்லை. உங்களுக்கும் வரும். வந்தால் தவறான முடிவு எடுத்துவிட்டோம் என்று பெட்டியைக் கட்டிவிட வேண்டாம்.

நம் ஊரிலேயே இதைவிடப் பெரிய எடுத்துக்காட்டு உண்டு. மதுரையில் மருத்துவர் கோ. வெங்கடசாமி அரசுப் பணியிலிருந்து 58 வயதில் ஓய்வு பெற்று, 1976-இல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். மூட்டுவாதத்தால் கோணிப்போன விரல்களோடு அறுவை செய்யப் பழகியவர் அவர் என்பது பலருக்கும் தெரியும். ஆனால் ஓய்வு பெற்ற மறுநாள் அவருக்குத் திடீரென்று ஒரு நோக்கம் பிறந்துவிடவில்லை. பணியில் இருந்த காலத்திலேயே ஊர் ஊராகக் கண் சிகிச்சை முகாம்களுக்குப் போய்வந்தவர். ஓய்வு அந்தப் பணிக்கு முழுநேரத்தையும் திறந்துவிட்டது. உங்களிடம் ஏற்கெனவே இருப்பது எது என்று தேடுங்கள் என்பதற்காக இதைச் சொல்கிறேன். பயண நிறுவனத்தின் பட்டியலில் ஆமை காப்பதும் வீடு கட்டுவதும் இருக்கும். உங்களிடம் இருப்பது, பின்னம் புரியாமல் விழிக்கும் ஏழாம் வகுப்புப் பிள்ளை எங்கே வழுக்கினான் என்று இரண்டு கேள்வியில் கண்டுபிடிக்கும் திறமை. அது பல ஊர்களில் கிடைக்காத சரக்கு.

ஆகவே நான் சொல்லும் இடம் மலை. நீலகிரி மாவட்டத்தின் மேற்கு மூலையில், கேரள, கர்நாடக எல்லைகள் சந்திக்கும் கூடலூர், பந்தலூர்ப் பகுதியில் பணியர், பெட்டக் குறும்பர், முள்ளுக் குறும்பர், காட்டுநாயக்கர், இருளர் ஆகிய பழங்குடியினர் வாழ்கிறார்கள். 1980களிலிருந்தே அக்கார்டு என்ற அமைப்பும், அதைத் தொடர்ந்து ஆதிவாசி மருத்துவமனையும், வித்யோதயா பள்ளியும் அங்கே உருவாயின. தருமபுரி மாவட்டத்தின் சித்தேரி, கல்வராயன் மலைகளுக்கு நடுவிலுள்ள சிட்லிங்கிப் பள்ளத்தாக்கில் மருத்துவர்கள் ரெஜி ஜார்ஜும் லலிதாவும் 1993-இல் தொடங்கிய பழங்குடி மருத்துவப் பணி, இன்று இயற்கை வேளாண்மை, லம்பாடிப் பெண்களின் பூத்தையல் என்று கிளைத்திருக்கிறது. இவற்றைத் தவிர ஜவ்வாது மலை, கல்வராயன் மலை, கொல்லிமலை என்று பல இடங்களில் அரசுப் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகள் இருக்கின்றன. இந்தப் பள்ளிகளுக்கு மாற்றல் வந்தால் ஆசிரியர்கள் எப்படி மாற்றலை மாற்றிக்கொள்ள அலைவார்கள் என்பதைத் தலைமையாசிரியராக இருந்த உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கணக்கு ஆசிரியர் இடம் காலியாகவே கிடக்கும் பள்ளியை மலையில் தேடிக் கண்டுபிடிப்பது கடினமன்று.

போனதும் நீங்கள் முதலில் உணரப்போவது, உங்கள் தமிழ் அங்கே வேற்றுமொழி என்பதைத்தான். பணியர் வீட்டுப் பிள்ளை வீட்டில் பேசுவது மலையாளத்தோடு நெருங்கிய பணிய மொழி. பள்ளியில் அவன் பாடநூல் தமிழைக் கேட்கிறான். கரும்பலகையில் நீங்கள் எழுதும் வழிக்கணக்கில் அவனுக்குத் தடையாக இருப்பது பெரும்பாலும் கணக்காக இராது, வாக்கியமாக இருக்கும். மிளகு பறிப்புக்காலத்தில் வகுப்பு காலியாகிவிடும். குடும்பத்தோடு தோட்டத்துக்குப் போயிருப்பார்கள். வருகைப் பதிவேட்டைப் பார்த்துக் கோபப்படும் பழக்கம் உங்களுக்கு இருந்தால் அதைக் கீழேயே விட்டுவிட்டு ஏறுங்கள். அதே பிள்ளை மிளகை எடைபோட்டு, ஈரத்துக்குக் கழித்து, கூலியைக் கூட்டிப் பார்க்கிறான் என்பதைக் கவனித்தால் பாடத்தை எங்கிருந்து தொடங்குவது என்பது உங்களுக்கே பிடிபடும்.

இதைவிடக் கடினமான ஒன்று இருக்கிறது. ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர் பள்ளிக்குள் நுழைந்தால், அவர் வாய் திறப்பதற்கு முன்பே அங்குள்ளவர்களுக்கு அது ஆய்வாகத்தான் தோன்றும். கழிவறை சுத்தமில்லை என்பதும், சத்துணவுக் கூடத்தின் கணக்கு சரியில்லை என்பதும், பாடக் குறிப்பேடு எழுதப்படவில்லை என்பதும் முதல் அரைமணி நேரத்திலேயே உங்கள் கண்ணில் பட்டுவிடும். ஒன்றும் சொல்லாதீர்கள். இருபத்தைந்து வயதுத் தற்காலிக ஆசிரியை ஒருவர், சொற்பத் தொகுப்பூதியத்தில், மூன்று வகுப்புகளை ஒரே அறையில் வைத்துச் சமாளித்துக்கொண்டிருப்பார். அவரிடம் போய், "நான் எந்த ஐந்து பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டால் உங்களுக்கு உதவியாக இருக்கும்?" என்று கேளுங்கள். அவர் காட்டும் ஐந்து பேரோடு திண்ணையில் உட்காருங்கள். முதல் ஒரு மாதம் இதற்கு மேல் எதுவும் செய்ய வேண்டாம் என்பது என் கண்டிப்பான ஆலோசனை. பணிக்காலத்தில் உங்களுக்குக் கீழே ஒரு பள்ளியே இயங்கியது. இப்போது உங்கள் மகள் வயதுப் பெண்ணின் கீழே நீங்கள் இயங்க வேண்டும். தன்னார்வப் பணிக்குப் போன அதிகாரிகள் பலர் பாதியில் திரும்புவது உணவாலோ குளிராலோ அன்று, இந்த ஒன்றால்தான்.

எவ்வளவு காலம் என்பதற்கு ஒரு துப்பு தருகிறேன். அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் 60 வயதைக் கடந்தவர்களைத் தொடக்கப் பள்ளிகளில் அமர்த்திய எக்ஸ்பீரியன்ஸ் கோர் என்ற திட்டத்தை, முதியவர்களின் உடல்நலத்துக்கும் நினைவாற்றலுக்கும் உதவும் ஒன்றாக மருத்துவ ஆய்வாளர்களே வடிவமைத்தார்கள். வாரத்துக்குக் குறைந்தது 15 மணி நேரம், கல்வியாண்டு முழுவதும், ஒரு பள்ளிக்குத் தனியாக ஒருவரை அனுப்பாமல் சிறு குழுவாக என்று வைத்தார்கள். அதற்குக் குறைந்தால் பிள்ளைகளுக்கும் பயனில்லை, முதியவர்களுக்கும் பயனில்லை என்பது அவர்கள் கருத்து. உங்களால் ஆண்டு முழுவதும் இருக்க முடியாது. ஒரு பருவம் முடியும். அடுத்த ஆண்டு அதே பள்ளிக்கு, அதே பருவத்தில் மறுபடியும் முடியும். மூன்று ஊருக்கு ஒருமுறை போவதைவிட ஓர் ஊருக்கு மூன்றுமுறை போவது மேல்.

பொங்கல் முடிந்து போய், மார்ச் இறுதியில் திரும்புவது கூடலூருக்குப் பொருத்தமான காலம். ஜூனிலிருந்து ஆகஸ்டு வரை தென்மேற்குப் பருவமழை கொட்டும், மண்சரிவில் சாலை அடைபடும், அட்டைக்கடி தனி. ஊட்டி 2,200 மீட்டருக்கு மேல் இருக்கிறது, கூடலூர் அதில் பாதி உயரந்தான். ஆகவே குளிரை நினைத்துப் பயப்பட வேண்டாம். ஆனால் ஆண்டுத் தேர்வுக்கு முந்தைய அந்த மாதங்களில் பள்ளிக்கே படபடப்பு இருக்கும் என்பதால், முதல் முறை ஒரு வாரம் மட்டும் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். அந்த ஒரு வாரத்தில் கற்பிக்க வேண்டாம். எங்கே தங்குவது, இரவில் கழிவறைக்கு எவ்வளவு தூரம் நடக்க வேண்டும், அருகில் எந்த மருத்துவமனை, கைபேசிக்கு எங்கே சமிக்ஞை கிடைக்கிறது, படிக்கட்டு உங்கள் முழங்காலுக்கு ஒத்துவருகிறதா என்பவற்றைப் பாருங்கள். இவை அற்பமான கேள்விகள் என்று நினைத்துக் கேட்காமல் போகிறவர்கள்தாம் அறுபதுக்கு மேல் விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொள்கிறார்கள்.

நடைமுறைக்கு வருவோம். தொண்டு நிறுவனப் பள்ளி என்றால் நேரே அவர்களுக்கே எழுதலாம். அரசுப் பள்ளி என்றால் தலைமையாசிரியரின் ஒப்புதலும் பள்ளி மேலாண்மைக் குழுவின் ஒப்புதலும் வேண்டும். உண்டு உறைவிடப் பள்ளி என்றால் மாவட்ட ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் நல அலுவலகத்தின் அனுமதியும் தேவைப்படும். இந்தப் படிகளில் நீங்கள் என்னைவிடத் தேர்ந்தவர். மத்தியக் கல்வி அமைச்சகம் 2021-இல் புதுப்பித்த வித்யாஞ்சலி இணையதளத்தில் ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் பதிவு செய்துகொண்டு, எந்தப் பள்ளி என்ன உதவி கேட்டிருக்கிறது என்று பார்க்கலாம். பள்ளியே கேட்ட உதவி என்பதால் அந்த வழி எனக்குப் பிடித்திருக்கிறது. தமிழகக் காவல் துறையின் இணையதளம் வழியாக நன்னடத்தைச் சான்று ஒன்றை வாங்கி, அவர்கள் கேட்பதற்கு முன்பே கொடுத்துவிடுங்கள். நீங்கள் தலைமையாசிரியராக இருந்தவர் என்பதற்காக அதைத் தவிர்க்க நினைக்காதீர்கள். யாரையும் விசாரிக்காமல் பிள்ளைகளிடம் விடும் பள்ளியில் அடுத்து யார் நுழைவார் என்று சொல்ல முடியாது.

பணம் பெரிதாக ஆகாது. சாப்பாட்டுக்கும் தங்குவதற்கும் அவர்கள் ஒரு தொகை கேட்டால் மறுக்காமல் கொடுங்கள். ஏழை அமைப்புக்கு விருந்தாளியாகப் போவது உதவியன்று. ரயிலில் மூத்த குடிமக்களுக்கு இருந்த கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டுவிட்டது, ஆனால் கீழ்ப்படுக்கைக்கான ஒதுக்கீடு தொடர்கிறது. முன்பதிவின்போது அதைத் தேர்ந்தெடுக்க மறக்க வேண்டாம். உங்கள் ஓய்வூதியர் மருத்துவக் காப்பீடு போகும் ஊரில் எந்த மருத்துவமனையில் செல்லும் என்று பட்டியலைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். இரத்த அழுத்த மாத்திரையை, தங்கும் காலத்துக்கும் மேலாக இரண்டு வாரத்துக்குக் கூடுதலாக எடுத்துப் போங்கள். ஓய்வூதிய நேர்காணல் மாதம் பயணத்தில் குறுக்கிட்டால் ஜீவன் பிரமாண் மின்னணு வாழ்நாள் சான்றைக் கைபேசி வழியாகவே கொடுத்துவிடலாம்.

இனி வீடு. உங்கள் கணவர் கேட்டது உங்களுக்கு எதிர்ப்பாகத் தோன்றியிருக்கலாம். எனக்கு அது வேறு விதமாகக் கேட்கிறது. ஓய்வு பெற்ற பிறகுதான் மனைவி வீட்டில் இருக்கிறாள் என்று ஆறுதல் அடைந்த ஒருவரிடம், அவள் மறுபடி கிளம்புகிறேன் என்கிறாள். சர்க்கரை நோய் உள்ளவர் தனியாக இருந்தால் சாப்பாட்டு நேரம் தவறும், மாத்திரை தவறும். இந்தக் கவலையை அவர் வாய்விட்டுச் சொல்லமாட்டார்; சொல்லிக்கொடுத்தது போதாதா என்றுதான் கேட்பார். அவரைத் துணைக்கு வாருங்கள் என்று அழைக்காதீர்கள். துணையாக வந்த ஆண்கள் மூன்றாம் நாள் வராந்தாவில் உட்கார்ந்து பேப்பர் வரவில்லை என்று புலம்புவதைப் பார்த்திருக்கிறேன். கூட்டுறவுச் சங்கச் செயலாளராக இருந்தவருக்குப் பேரேடு எழுதத் தெரியும், தணிக்கை எப்படி நடக்கும் என்று தெரியும், கடன் எங்கே தேங்கும் என்று தெரியும். மலையில் மகளிர் சுயஉதவிக் குழுக்களும், உழவர் சங்கங்களும், கைவினைப் பெண்களின் சங்கங்களும் கணக்கு எழுத ஆள் இல்லாமல் திண்டாடுகின்றன. நீங்கள் எழுதும் கடிதத்திலேயே அவருக்கும் வேலை உண்டா என்று தனியாகக் கேளுங்கள். அவர்களிடமிருந்து அவர் பெயருக்கு ஒரு பதில் வரட்டும். அப்போது அவர் முடிவு மாறவும் கூடும். மாறாவிட்டால் அவருடைய சாப்பாட்டுக்கும் மருந்துக்கும் நம்பகமான ஏற்பாட்டைச் செய்துவிட்டு, வாரம் இருமுறை பேசும் ஒப்பந்தத்தோடு போங்கள்.

மகன் கேட்பதிலும் தவறில்லை, ஆனால் நிரந்தரமாக என்ற நிபந்தனையை நீங்கள் ஏற்க வேண்டியதில்லை. பேத்தியோடு இருப்பது மகிழ்ச்சி. சென்னை அடுக்ககத்தில் பேத்தியைப் பார்த்துக்கொள்வது மட்டுமே நாள்முழுவதும் வேலை என்றால், அது உங்களுக்கு இன்னொரு பணி நியமனம், அதுவும் ஓய்வு வயது இல்லாதது. "ஏப்ரல், மே முழுவதும் சென்னையில் இருப்போம், தீபாவளியை ஒட்டி ஒரு மாதம் இருப்போம், ஜனவரி முதல் மார்ச் வரை இருக்கமாட்டோம்" என்று இப்போதே தேதி போட்டுச் சொல்லிவிடுங்கள். அந்த மூன்று மாதத்துக்கு அவர்கள் காப்பகமோ ஆளோ ஏற்பாடு செய்துகொள்ள அவகாசம் கிடைக்கும். தேதி சொல்லாமல் "பார்ப்போம்" என்றால் இரு தரப்பிலும் மனக்கசப்புத்தான் மிஞ்சும். தன்னலமா என்று கேட்டீர்கள். பெண்கள் மட்டுமே எனக்கு எழுதும் கேள்வி இது; ஓய்வு பெற்ற ஆண்கள் எவரும் இதுவரை இப்படிக் கேட்டு எழுதியதில்லை.

தொலைதூரம் போக வேண்டும் என்ற ஆசை மிச்சமிருந்தால், இரண்டு பருவம் மலையில் இருந்து பார்த்த பிறகு யோசிக்கலாம். கன்னியாகுமரி விவேகானந்த கேந்திரத்தில் பணி ஓய்வுக்குப் பின் முழுநேரமாக வருகிறவர்களுக்கு வானப்பிரஸ்தி என்ற பிரிவே உண்டு. அருணாசலப் பிரதேசத்தில் 1977 முதல் அவர்கள் பள்ளிகள் நடத்துகிறார்கள். அந்த மாநிலத்துக்குள் நுழைய நம்மைப் போன்ற வெளிமாநிலத்தவருக்கு உள்நுழைவு அனுமதிச் சீட்டு வேண்டும். அவர்களுடைய சமய நோக்கும் ஒழுங்கும் உங்களுக்கு ஒத்துவருமா என்று முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். லடாக்கில் லே நகருக்கு அருகே ஃபே என்ற ஊரிலுள்ள செக்மால் என்ற கல்வி அமைப்பின் வளாகத்தில் மாணவர்களோடு ஆங்கிலம் உரையாடத் தன்னார்வலர்கள் வருவதுண்டு. ஆனால் அது 3,000 மீட்டருக்கும் மேலான உயரம். இரத்த அழுத்தம் இருக்கிறவர் மருத்துவரைக் கேட்காமல் போகக் கூடாது, போனாலும் முதல் இரண்டு மூன்று நாள் படுத்து ஓய்வெடுக்க வேண்டும்.

மலைக்குப் போவதற்கு முன்னுள்ள மாதங்கள் வீணாக வேண்டாம். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வண்டி பிடித்துப் போய்ப் பழைய கோயில்களில் புல் செதுக்கி, பிரகாரம் கழுவி வரும் உழவாரப் பணிக் குழுக்கள் உங்கள் மாவட்டத்தைச் சுற்றி வந்துகொண்டே இருக்கின்றன. அப்பர் காலத்திலிருந்து நடக்கும் தன்னார்வப் பயணம் அது. சமய ஈடுபாடு இல்லையென்றால் பொங்கலையொட்டி நடக்கும் பறவைக் கணக்கெடுப்பு இருக்கிறது. 2015 முதல் ஆண்டுதோறும் நடக்கிறது, தொலைநோக்கி இல்லாமலும் கலந்துகொள்ளலாம். அறிமுகம் இல்லாதவர்களோடு ஒரு நாள் வேலை செய்து, அவர்கள் கொண்டுவந்த கட்டுச்சோற்றைச் சாப்பிட்டு, யாரும் உங்களை மேடம் என்று அழைக்காத இடத்தில் இருந்து பழக இது நல்ல ஒத்திகை.

இந்த வாரம் செய்ய வேண்டியது ஒரு கடிதம் எழுதுவது. இரண்டு இடங்களுக்கு எழுதுங்கள்; ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். எந்த வகுப்புகளுக்கு என்ன கற்பித்தீர்கள், எந்த மாதங்களில் வர முடியும், அடுத்த ஆண்டும் வர விரும்புகிறீர்கள் என்பதை எழுதுங்கள். பெற்ற விருதுகளை எழுத வேண்டாம். உங்களால் முடியாதவற்றையும் ஒளிக்காமல் எழுதுங்கள்: அதிக தூரம் ஏற்றத்தில் நடக்க முடியாது, காலை மாத்திரைக்கு முன் சாப்பிட ஏதாவது வேண்டும், இரவில் தனிக் கட்டடத்தில் தங்க இயலாது. "உங்களுக்கு இப்போது கணக்கு ஆசிரியர் தேவையா, இல்லை வேறெதுவும் தேவையா?" என்ற கேள்வியோடு முடியுங்கள். தேவையில்லை என்று பதில் வந்தால் நன்றி சொல்லிவிட்டு மூன்றாவது இடத்துக்கு எழுதுங்கள். பயண நிறுவனத்துக்கு முன்பணம் ஏதும் கட்டியிருந்தால், இரத்து செய்வதற்கான கடைசித் தேதியை இன்றே பாருங்கள்.